பதினெட்டு நிறையாத பெண்ணுக்குக் கருக்கலைப்பு: கையெழுத்து யார் போட வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்த அன்றைக்குச் சட்டப் புத்தகத்தை யாரும் தேட மாட்டார்கள். அழுகையும் கோபமும் அடங்கவே இரண்டு மூன்று நாள் ஆகும். அப்புறம் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணுமாம்." "போலீஸ் கேஸ் ஆகுமாம்." "கோர்ட்டுக்குப் போகணுமாம்." இதில் பாதி தவறு, மீதி அரைகுறை. மருத்துவமனைகளுக்கு இப்படிப்பட்ட குடும்பங்களோடு துணைக்குப் போய் வந்த வருடங்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். இந்தியச் சட்டத்தைப் பற்றியது இது.

சட்டம் என்னதான் சொல்கிறது?

கருக்கலைப்புக்கான சட்டம் 1971-இல் வந்தது. மருத்துவமனையில் எல்லோரும் எம்.டி.பி. சட்டம் என்பார்கள். 2021-இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அதன் 3-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவுதான் இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படை. பதினெட்டு வயது நிறைந்த பெண் என்றால் அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவர், மாமியார், அப்பா என்று வேறு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. பதினெட்டு நிறையாத பெண் என்றால் அவளுடைய பாதுகாவலர் எழுத்துப்பூர்வமாகச் சம்மதிக்க வேண்டும். அதற்கென்றே 'படிவம் சி' என்று ஒரு தாள் இருக்கிறது. அதன் கீழ்ப் பகுதியில் பாதுகாவலர் நிரப்ப வேண்டிய இடம் தனியாக இருக்கும்.

அப்பா, அம்மா இரண்டு பேரும் வந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். அதிகமாக நாள் வீணாவது இந்த ஒரு விஷயத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சட்டம் 'பெற்றோர்' என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. 'பாதுகாவலர்' என்கிறது. பாதுகாவலர் யார் என்று 2-ஆம் பிரிவிலேயே விளக்கமும் தருகிறது: அந்தச் சிறுமியைத் தன் கவனிப்பில் வைத்திருப்பவர். நீதிமன்றம் நியமித்தவராக இருக்க வேண்டும் என்றோ, அப்பாதான் முதலில் என்றோ, இருவரும் சேர்ந்து என்றோ எங்கும் இல்லை. அம்மா மட்டும் போதும். அம்மா இல்லாத வீட்டில் பாட்டி போதும்.

ஒரு முறை ஒரு அத்தையோடு போயிருந்தேன். பெண்ணின் அம்மா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அப்பா வெளிமாநிலத்தில் வேலை, போன் எடுப்பதே அபூர்வம். சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடியது எல்லாம் அத்தைதான். முதலில் போன மருத்துவமனையில் "அப்பா வரட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்பது நாள் போனது. இரண்டாவது இடத்தில் ஒரு மூத்த டாக்டர் அந்த அம்மாளிடம் கேட்டது ஒரே கேள்வி: "பொண்ணு யார் வீட்டில இருக்கா?" பள்ளிக்கூட டைரியில் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் நான்கு வருடமாக அத்தையின் கையெழுத்துதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் படிவத்தை நகர்த்தினார். அத்தை ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகப் போட்டு முடிக்கும்வரை பேனாவை யாரும் பிடுங்கவில்லை. முதல் இடத்திலேயே இது நடந்திருக்கலாம். அந்த ஒன்பது நாளில் மாத்திரையால் முடிய வேண்டியது வேறு முறைக்குப் போய்விட்டது.

ஆகவே, "பேரன்ட்ஸ் வரணும்" என்று யாராவது சொன்னால், "சட்டத்தில் பாதுகாவலர் என்றுதானே இருக்கிறது, இவள் என் கவனிப்பில் இருக்கிறாள், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். பெண் உங்களோடு வசிப்பதைக் காட்டும் தாள் எதுவும் கையில் இருந்தால் பேச்சு சுருங்கும்.

ஹாஸ்டல் வார்டனோ டீச்சரோ கையெழுத்துப் போடலாமா?

டாக்டர்கள் பெரும்பாலும் தயங்குவார்கள். வீட்டில் யாரையும் அழைக்கவே முடியாத நிலை என்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் போவதுதான் நேர்வழி. அரசு இல்லங்களில் இருக்கும் பெண்களுக்கும் அந்தக் குழு வழியாகத்தான் நடக்கிறது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிட்டால் குழுவோடு தொடர்பு ஏற்படுத்தித் தருவார்கள்.

பெண்ணுக்குப் பதினேழு வயது, கல்யாணமாகிவிட்டது. கணவர் போட்டால் போதாதா?

இங்கே சட்டங்களே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், மணமான சிறுமிக்குக் கணவனே இயல்பான பாதுகாவலர் என்கிறது. ஆனால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு நிறையாத யாரோடும் உடலுறவு குற்றம். மனைவி என்றால் குற்றமில்லை என்று தண்டனைச் சட்டத்தில் இருந்த விலக்கையும் 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. அதாவது ஒரு சட்டத்தில் பாதுகாவலர், இன்னொன்றில் குற்றம் சாட்டப்படக்கூடியவர். அந்தப் பெண்ணின் அம்மாவோ, அவளைக் கவனித்துக்கொள்ளும் வேறு பெரியவரோ கையெழுத்துப் போடுவதே நல்லது. குழந்தைத் திருமணம் நடந்த வீடுகளில் பெண் வீட்டார் "கட்டிக் கொடுத்தாச்சு, இனி அவங்க பாடு" என்று ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு நாளைக்காவது ஒதுங்க வேண்டாம்.

காரணமே வீட்டு ஆள்தான். அப்பாவோ, மாமாவோ. அவரிடமா சம்மதம் கேட்பது?

கூடவே கூடாது. பெண் யாரை நம்புகிறாளோ அந்த ஆள் துணைக்கு வரட்டும். போக்சோ சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மருத்துவப் பரிசோதனையின்போது பெற்றோர் அல்லது குழந்தை நம்பிக்கை வைத்திருக்கும் வேறு ஒருவர் உடன் இருக்கலாம் என்கிறது. அப்படி யாருமே இல்லையென்றால் மருத்துவமனைத் தலைவர் ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும். பரிசோதிக்க வேண்டியவரும் பெண் டாக்டர்தான். சம்மதக் கையெழுத்துக்கு அம்மா, பாட்டி, சித்தி யாராவது இருந்தால் சரி. அம்மாவே மிரட்டலுக்குப் பயந்து அந்த ஆளின் பக்கம் நின்றால் குழந்தைகள் நலக் குழு பொறுப்பேற்க வேண்டும். இந்த நிலைமையில் போலீஸைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். பெண் திரும்பப் போக வேண்டியது அதே வீட்டுக்குத்தான் என்பதை மறக்கக் கூடாது.

எத்தனை வாரம் வரை செய்யலாம்?

இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்துப் போதும். இருபதிலிருந்து இருபத்துநான்கு வாரம் வரை இரண்டு டாக்டர்கள் சேர்ந்து கருத்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது கட்டம் எல்லோருக்கும் கிடையாது, விதிகளில் சொல்லப்பட்ட சில பிரிவினருக்கு மட்டும். 2021 அக்டோபரில் வந்த விதிகளில் சிறுமிகள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களும் இருக்கிறார்கள்.

வாரத்தை எப்படிக் கணக்கிடுவது என்பதில் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். உறவு நடந்த நாளிலிருந்து எண்ணுவது இல்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். "நடந்து ஆறு வாரம்தான் ஆச்சு" என்று வந்தவர்களுக்கு ஸ்கேனில் எட்டு வாரம் என்று வரும். அதோடு, பதிமூன்று பதினான்கு வயதில் மாதவிலக்கே ஒழுங்காக வராத பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே தெரியாது. சட்டை இறுக்கமாகும்போதுதான் அம்மா கவனிப்பார். அதனால் சந்தேகம் வந்த அன்றைக்கே கர்ப்பப் பரிசோதனைக் கிட்டில் பார்த்துவிட்டு, அடுத்த வேலையாக ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

ஜி.எச்.சுக்குப் போனால் போலீஸ் வருமா?

வரலாம். ஆனால் நீங்கள் பயப்படும் விதத்தில்தான் வரும் என்பது இல்லை.

போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. டாக்டருக்கும் இது பொருந்தும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை, அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பதினெட்டு நிறையாத பெண் கருவுற்றிருக்கிறாள் என்றால் அவள் விரும்பித்தான் பழகினாளா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் காதலித்திருந்தாலும் தகவல் போயாக வேண்டும்.

இந்தப் பயத்தில்தான் குடும்பங்கள் ஜி.எச். பக்கமே போகாமல், பக்கத்து ஊரில் போர்டு இல்லாத இடத்துக்குப் போகின்றன. சில டாக்டர்களும் "எனக்கெதுக்கு வம்பு" என்று பெண்ணைத் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டையும் மாற்றுவதற்காகவே 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அமர்வு. சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீஸுக்குக் கொடுக்கும் தகவலில் பெண்ணின் பெயரையும் அடையாள விவரங்களையும் சொல்லத் தேவையில்லை. பின்னால் குற்ற வழக்கு நடந்தாலும் டாக்டரிடமிருந்து அவற்றைக் கேட்டு வாங்கக் கூடாது. தகவல் கொடுக்கும் கடமை அப்படியே இருக்கிறது. அடையாளம் மட்டும் மறைக்கப்படுகிறது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வும் இதையே தமிழ்நாட்டு டாக்டர்களுக்கு நினைவூட்டியது.

"கேட்டுக்கொண்டால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் கேட்க வேண்டும். டாக்டரைப் பார்த்தவுடன், முடிந்தால் ஒரு வெள்ளைத் தாளில், "எங்கள் பெயரையும் முகவரியையும் போலீஸுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்" என்று பெண்ணும் பாதுகாவலரும் எழுதிக் கொடுங்கள். தேதி போடுங்கள். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சில மருத்துவமனைகளில் இந்தத் தீர்ப்பு இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. வாய்ப்பேச்சைவிடத் தாள் அங்கே வேலை செய்யும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வழி விரும்பிப் பழகிய பிள்ளைகளுக்கு. மிரட்டியோ ஏமாற்றியோ ஒருவன் செய்திருந்தால் அவனைக் காப்பாற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது. அப்படிப்பட்ட வழக்கில் முழுப் புகார் கொடுங்கள். கலைத்த பிறகு கருவின் திசுவை டி.என்.ஏ. சோதனைக்காகப் பாதுகாத்து வைக்க வேண்டும். போலீஸுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அது ஒழுங்காக நடக்கும்.

கோர்ட்டு ஆர்டர் வாங்கி வரச் சொல்கிறார்கள். வேண்டுமா?

இருபத்துநான்கு வாரத்துக்குள் என்றால் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகலும் வேண்டாம். சட்டம் கேட்காத தாள்களை டாக்டர்கள் கேட்பதற்கு அடிப்படை இல்லை என்று மேலே சொன்ன அதே 2022 தீர்ப்பில் இருக்கிறது.

ஊருக்குத் தெரிந்துவிடுமே?

இந்தப் பயம்தான் எல்லாவற்றிலும் பெரியது, அதனால் அங்கே காகிதங்கள் எப்படிக் கையாளப்பட வேண்டும் என்று சொல்கிறேன். கருக்கலைப்புக்கென்று தனிச் சேர்க்கைப் பதிவேடு உண்டு. அதில் மட்டும்தான் பெயர் இருக்கும். ஆபரேஷன் தியேட்டர் நோட்டிலும் மற்ற சீட்டுகளிலும் பெயருக்குப் பதிலாக அந்தப் பதிவேட்டின் வரிசை எண்ணைத்தான் எழுத வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவம் ஒரு உறைக்குள் வைத்து ஒட்டப்பட்டு, மேலே 'ரகசியம்' என்று எழுதப்பட்டு, பொறுப்பு அதிகாரியின் வசம் போக வேண்டும். 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த ஒழுங்குமுறையில் இதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. 2021 திருத்தம் 5ஏ பிரிவைச் சேர்த்தது: சட்டம் அனுமதித்த ஆளைத் தவிர வேறு யாரிடமும் டாக்டர் பெண்ணின் விவரத்தைச் சொன்னால் ஓராண்டு வரை சிறை. பத்திரிகைகளும் டிவியும் பெண்ணின் பெயர், படம், பள்ளிக்கூடம், ஊர் எதையும் வெளியிடக் கூடாது என்று போக்சோ தனியாகச் சொல்கிறது.

நடைமுறையில் விஷயம் கசிவது வார்டில் சத்தமாகப் பெயர் கூப்பிடும்போதுதான். "நம்பர் சொல்லிக் கூப்பிடுங்க சிஸ்டர்" என்று முன்பே கேட்டுவிடுங்கள். கேட்டால் செய்கிறார்கள்.

பெண், "குழந்தையைப் பெற்றுக்கொள்கிறேன்" என்கிறாள். பெற்றோர் கலைக்கச் சொல்கிறார்கள். யார் பேச்சு?

படிவத்தில் பாதுகாவலரின் கையெழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது. ஆனால் உடம்பு அவளுடையது, நீதிமன்றங்களும் இதை மறக்கவில்லை. தன் மகளின் கருவைக் கலைக்க உத்தரவிடக் கோரி ஒரு தந்தை 1990-களில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மகளுக்கு விருப்பமில்லை. நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2024 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுமியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறுமியின் கருத்தும் பாதுகாவலரின் கருத்தும் வேறுபட்டால் சிறுமியின் கருத்தை முக்கியமான ஒன்றாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. பெண்ணை இழுத்துக்கொண்டு வந்து படுக்க வைக்கும் பெற்றோர்களிடம் நான் சொல்வது: அவளோடு தனியாக ஒரு கவுன்சலர் பேசட்டும், நீங்கள் அரைமணி நேரம் வெளியே இருங்கள். அந்த அரைமணி நேரத்தில் வெளிவருவது பல முறை வீட்டில் யாருக்குமே தெரியாததாக இருக்கும்.

பெண் கலைக்கத்தான் வேண்டும் என்கிறாள். பெற்றோர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். அப்போது?

நம் சட்டத்தின் பெரிய ஓட்டை இது. பெற்றோர் மறுத்தால் சிறுமி நேரே போய்ப் பேசக்கூடிய ஒரு எளிய வழியைச் சட்டம் எழுதி வைக்கவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இப்போதைக்கு இருப்பவை இவைதான். அவளைக் கவனித்துக்கொள்ளும் வேறு பெரியவர் இருந்தால் அவர் பாதுகாவலராகக் கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் போகலாம். அதுவும் நடக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் தருவார்கள், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஒரு பதினாறு வயதுப் பெண் தனியாக இவ்வளவு தூரம் நடக்க மாட்டாள். தெரிந்த டீச்சர், அங்கன்வாடி அக்கா, கிராம சுகாதார செவிலியர் என்று யாராவது கூட நடந்தால்தான் உண்டு.

இருபத்துநான்கு வாரம் தாண்டிவிட்டது.

கருவுக்குக் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னாலோ, பெண்ணின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகத் தேவைப்பட்டாலோ மட்டும்தான் சட்டம் நேரடியாக அனுமதிக்கிறது. மற்றபடி உயர் நீதிமன்றம்தான். மருத்துவ வாரியத்தின் அறிக்கையைக் கேட்டுவிட்டு நீதிபதி முடிவெடுப்பார். அனுமதித்ததும் உண்டு, மறுத்ததும் உண்டு. 2017 ஜூலையில் சண்டிகரைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமிக்கு, முப்பத்திரண்டு வாரம் ஆகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பிறந்தது. வயிற்று வலி என்று டாக்டரிடம் கூட்டிப் போனபோதுதான் வீட்டில் தெரியவந்த வழக்கு அது. பத்து வயதுக் குழந்தையின் வயிற்று வலிக்கு யாருக்குத்தான் இப்படி ஒரு காரணம் தோன்றும்?

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன?

செய்யாதீர்கள். மிஃபெப்ரிஸ்டோனும் மிசோப்ரோஸ்டாலும் நல்ல மருந்துகள்தான், ஒன்பது வாரம் வரை டாக்டரின் மேற்பார்வையில் கொடுக்கப்படுகின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாரக் கணக்குத் தெரியாமல், கரு கர்ப்பப்பையில் இருக்கிறதா குழாயில் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்காமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் முழுதாக நனைந்து, இரண்டு மணி நேரம் அப்படியே தொடர்ந்தால், அல்லது காய்ச்சல், தலைசுற்றல், நாற்றமுள்ள வெள்ளைப்போக்கு இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன மாத்திரை, எப்போது கொடுத்தோம் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

செலவு?

அரசு மருத்துவமனையில் இலவசம். பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைக்குத் தனியார் மருத்துவமனையும் இலவசமாக, உடனடியாக மருத்துவம் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

பதினெட்டு ஆக இன்னும் இருபது நாள்தான். காத்திருக்கலாமா?

வேண்டாம். இருபது நாள் என்பது ஏறக்குறைய மூன்று வாரம். கையெழுத்துச் சிக்கலைத் தவிர்க்கப் போய் மருத்துவச் சிக்கலை வாங்கிக்கொள்வீர்கள்.

மற்ற நாடுகளில் எப்படி?

இங்கிலாந்தில் பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்ணாக இருந்தாலும், சொல்வதைப் புரிந்துகொள்ளும் பக்குவம் அவளுக்கு இருப்பதாக டாக்டர் கருதினால் அவளே சம்மதிக்கலாம். 1985-இல் வந்த ஒரு தீர்ப்பிலிருந்து இந்த வழக்கம். அமெரிக்காவில் பெற்றோர் சம்மதம் கேட்கும் மாநிலங்கள், அதற்கு மாற்றாக நீதிபதியிடம் போகும் வழியையும் வைத்திருக்க வேண்டும் என்று 1979-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-க்குப் பிறகு கருக்கலைப்பு உரிமையே மாநிலத்துக்கு மாநிலம் மாறிவிட்டது. இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி என்பதால் பெற்றோர் சம்மதம் என்ற கேள்விக்கே அங்கே போக முடிவதில்லை.

முடிந்த பிறகு பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்வது?

எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "உடல்நலக் குறைவால் சிகிச்சை" என்று விடுப்புக் கடிதம் போதும், டாக்டர் தரும் சீட்டிலும் அவ்வளவுதான் எழுதச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். அந்த அத்தை அப்படித்தான் செய்தார். பரிசோதனைக்கு வந்த அன்று பெண் பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள். மதியம் கணக்குப் பரீட்சை இருக்கிறது, சீக்கிரம் பார்த்துவிடச் சொல்லுங்கள் என்று கேட்டாள்.